டீ கொட்டிய பழைய கீபோர்டு: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

அச்சுவெல்லம் (கும்பகோணம்)

கீபோர்டு ஆர்வலர் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர், இவைதான் தொழில். கடையில் இருப்பது டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, ஒவ்வொரு விசைக்கு அடியிலும் டக்கென்று ஒலிக்கும் நீல செர்ரி ஸ்விட்ச் போட்ட பழைய மாடல். போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் கை பட்டு, டீ அப்படியே அதன்மேல் கவிழ்ந்துவிட்டது. உடனே வயரைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டு, துடைத்துக் காயவைத்தேன். மறுநாள் நன்றாகத்தான் வேலை செய்தது.

இப்போது தமிழ்99 தட்டச்சு முறையில் ஊ, உ, ஒ மூன்றும் வரவில்லை. எண் வரிசையில் 3-ம் போய்விட்டது. அதோடு, க ஒரு தட்டுக்கு இரண்டாக விழுகிறது. மகன் என்று அடித்தால் மக்கன் என்று வருகிறது. பத்திரிகையில் இப்படி ஒன்று அச்சாகிவிட்டால் அந்த வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில், "இதையெல்லாம் யாரும் ரிப்பேர் பண்றதில்ல சார், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். வாங்கலாம்தான். ஆனால் ஐந்து விசைகளைத் தவிர மற்றதெல்லாம் புதிதுபோல் இருக்கும் பொருளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. சால்டரிங் ஓரளவு கைப்பழக்கம் உண்டு. வழி இருக்கிறதா?

நீலக்கிளிக் (சென்னை)

சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தொழிலுக்கு வேண்டிய பொருள் என்பதால் சொல்கிறேன். ஹாட்ஸ்வாப் போர்டாக ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்விட்சுகளைச் சால்டர் செய்யாமல் அப்படியே சொருகிப் பிடுங்கலாம். இனி ஒரு ஸ்விட்ச் கெட்டால் நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பட்ஜெட் என்று சொன்னால் நானே சில மாடல்களைச் சொல்கிறேன். பழையதைச் சும்மா நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயப்புகை (கோவை)

தூக்கிப் போட வேண்டாம் சார். நீங்கள் எழுதிய அறிகுறியிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது.

தமிழ்99-ல் ஊ, உ, ஒ என்பவை ஆங்கிலத்தில் இ, டி, சி விசைகள். இவற்றுக்கு மேலே எண் வரிசையில் இருப்பது 3. நான்கும் மேலிருந்து கீழே சாய்வாக ஒரே கோட்டில் நிற்பவை. நான்கு ஸ்விட்சும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் தனித்தனியாகக் கெடாது. அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்கிறது.

கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி கிடையாது. நூற்றுச் சொச்சம் விசைகளுக்குத் தனித்தனியாகக் கால் கொடுக்க அந்தச் சிப்பில் இடம் இல்லை. அதனால் நெடுக்கே சில தடங்கள், குறுக்கே சில தடங்கள் ஓடும். அவை சந்திக்கும் இடத்தில் ஒரு ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். சிப் ஒவ்வொரு தடமாகத் தட்டிப் பார்த்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று இடைவிடாமல் கண்காணித்துக்கொண்டே இருக்கும். 3, இ, டி, சி நான்கையும் ஒரே நெடுக்குத் தடத்தில் கோப்பது பல கீபோர்டுகளில் உள்ள வழக்கம். உங்கள் போர்டில் அந்தத் தடம்தான் எங்கோ அறுந்திருக்கிறது.

முதல்நாள் வேலை செய்துவிட்டு அப்புறம் ஏன் நின்றது? சர்க்கரை. டீயில் உள்ள தண்ணீர் காய்ந்தாலும் சர்க்கரைப் படலம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் மின்னழுத்தமும் சேரும்போது செம்புத் தடம் அரித்துப் பச்சைக் களிம்பு பிடிக்கும். நீங்கள் துடைத்தது மேல்பக்கம். சேதம் உள்ளே.

க கதை வேறு. எந்த ஸ்விட்சும் அழுத்தும்போது ஒரே தடவையில் சுத்தமாக ஒட்டாது. உலோகத் தகடு மிக நுண்ணிய நேரம் துள்ளி, பிறகுதான் நிலைக்கும். அந்தத் துள்ளலைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க கீபோர்டின் மென்பொருளே சில மில்லிநொடி பொறுத்துப் பார்க்கும். க்யூஎம்கே என்ற திறமூல மென்பொருளில் இந்தக் காத்திருப்பு வழக்கமாக 5 மில்லிநொடி. தொடுமுனையில் பிசுக்கு ஏறினால் துள்ளல் அந்த எல்லையைத் தாண்டிவிடும், ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும். தமிழ்99-ல் ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும் அல்லவா, அதனால்தான் உங்களுக்குக் கக என்று வராமல் க்க என்று வருகிறது.

இரண்டுக்கும் வழி உண்டு. விசைகளின் மேல்மூடிகளை, அதாவது கீகேப்புகளை, எல்லாம் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கொதிநீர் வேண்டாம், ஏபிஎஸ் பிளாஸ்டிக் வளைந்துவிடும். போர்டைத் திறந்து, இரு பக்கமும் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் வைத்துத் தேயுங்கள். நெயில்பாலிஷ் ரிமூவர் கிட்டவே வரக்கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மல்ட்டிமீட்டரைப் பீப் சத்தம் போடும் நிலையில் வைத்து, அந்த நான்கு ஸ்விட்சின் கால்களை ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். எங்கே சத்தம் நிற்கிறதோ அங்கேதான் அறுப்பு. அரித்த தடத்தையே ஒட்டவைக்க மெனக்கெட வேண்டாம். அறுப்புக்கு இந்தப் பக்கம் உள்ள காலிலிருந்து அந்தப் பக்கம் உள்ள காலுக்கு ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்தால் போதும். ஆனால் பச்சையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், விட்டால் பரவும்.

க ஸ்விட்சுக்கு முதலில் மேலிருந்து இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, வயர் இணைக்காமல், பலமுறை அழுத்தி விடுங்கள். சரியாகவில்லை என்றால் ஸ்க்ரோல் லாக் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் போடுங்கள். கடையில் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

திண்ணைவாசி (மதுரை)

இதற்குத்தான் இந்தக் குழுவில் இருக்கிறேன். ஈயப்புகை அக்கா, இதை மேலே ஒட்டிவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கொங்குக்கிளி (ஈரோடு)

ஈயம் உறிஞ்சுவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய ஈயத்தின்மேல் நேராக உறிஞ்சுகுழலை (சக்கர்) வைத்தால் பாதிதான் வரும். முதலில் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்குங்கள். 63/37 ஈயம் 183 டிகிரியில் ஒரேயடியாக இளகும், பழையதையும் சேர்த்துக்கொண்டு வரும். அப்போது உறிஞ்சுங்கள். 25 வாட் அயர்ன் தாராளம். ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் செம்பு வட்டம் பெயர்ந்து வந்துவிடும், ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ள பலகைகளில் இது சீக்கிரமே நடக்கும்.

அச்சுவெல்லம் (கும்பகோணம்)

ஈயப்புகை அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பலகையைத் திருப்பியதும் 3-க்கு மேலே, எஃப் வரிசை நோக்கிப் போகும் தடத்தில், மிளகு அளவுக்குப் பச்சையாக ஒன்று. பிரஷால் தேய்த்ததும் அது பொடியாக உதிர்ந்தது, அடியில் தடமே இல்லை. மீட்டரில் 3, இ, டி, சி நான்கும் தமக்குள் பீப் அடித்தன. அதற்கு மேலே சத்தமில்லை. நீங்கள் எழுதியதை வரிக்கு வரி பார்த்தபடியே கம்பி போட்டேன். உ வந்துவிட்டது.

க-வுக்கு ஆல்கஹால் ஒரு நாள்தான் தாங்கியது. ஸ்க்ரோல் லாக்கிலிருந்து மாற்றிவிட்டேன். அந்த ஸ்விட்சின் ஒலி மற்றவற்றைவிடக் கணீரென்று இருக்கிறது, இத்தனை வருடம் உழைக்காததால் போலும். இன்று காலையிலிருந்து ஒரு சஷ்டியப்தபூர்த்திப் பத்திரிகையை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீலக்கிளிக் (சென்னை)

மனமார்ந்த வாழ்த்துகள் சார்! படித்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆனாலும் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் புதிது வாங்கச் சொன்னதும் அன்பினால்தான். இந்தப் பொழுதுபோக்கில் உள்ள எங்களுக்குக் கீபோர்டு என்பது வெறும் கருவி அல்ல. ஸ்விட்சைத் திறந்து க்ரைடாக்ஸ் 205 என்ற மசகு தடவுவது, ஸ்பிரிங் மாற்றுவது, அடித்தட்டைப் பித்தளையிலிருந்து பாலிகார்பனேட்டுக்கு மாற்றி ஒலி எப்படி இறங்குகிறது என்று கேட்பது, இதில் எல்லாம் ஒரு கைவேலை இருக்கிறது, செவி இருக்கிறது. வீணை செய்கிறவர் மரத்தைத் தட்டிப் பார்ப்பதில்லையா? வாங்குவதை மட்டும் பார்த்து எங்களை எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திண்ணைவாசி (மதுரை)

தம்பி, கைவேலையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் குழுவிலேயே ஒரு மாதப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். "வந்துவிட்டது", "ஆர்டர் போட்டேன்", "அடுத்து எது வாங்கலாம்", பெரும்பாலும் இவைதான். அலமாரியில் ஆறு போர்டு, மேசையில் ஒன்று. ஒவ்வொன்றையும் வாங்கும்போது இதுதான் எண்ட்கேம், இதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதுகிறோம். அடுத்த மாதம் புது நிறத்தில் கீகேப் வந்ததும் அந்தச் சத்தியம் காற்றில் போய்விடுகிறது. கீகேப் செட் ஒன்று பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அதுவும் செய்து முடித்த பொருள் அல்ல. முன்பணம் கட்டி, போதிய ஆள் சேர்ந்த பிறகுதான் ஆலையில் வேலையே ஆரம்பிக்கும். வருடம் தாண்டியும் காத்திருக்கிறோம். வந்து சேரும்போது ஆசை வேறு நிறத்துக்குப் போயிருக்கும். அப்படியே விற்பனைப் பகுதிக்கு வரும், பெட்டி பிரிக்காமல்.

இங்கே ஒருவர் நாளெல்லாம் உழைக்கும் கீபோர்டைக் கொண்டுவந்து உதவி கேட்கிறார். முதல் பதிலே புதிது வாங்குங்கள் என்று வருகிறது. அதுதான் எனக்குக் கவலை. நம் கைக்குத் திறமை வந்துவிட்டது, அது எங்கே பயன்பட வேண்டுமோ அங்கே போகவில்லை.

கடலோடி (தூத்துக்குடி)

முன்பணம் என்றதும் எழுதத் தோன்றியது. ஒரு விற்பனையாளரிடம் கூட்டுக் கொள்முதலில் பணம் கட்டினேன். மாதக்கணக்கில் "கப்பலில் இருக்கிறது" என்ற பதில். அப்புறம் தளமே மூடப்பட்டது. பொருளும் இல்லை, பணமும் இல்லை. இதில் எனக்குப் பணத்தைவிட வலித்தது, அவரைக் கேள்வி கேட்டவர்களை நம் ஆட்களே "பொறுமை இல்லாதவர்கள்" என்று அடக்கியது. பொருளின்மேல் உள்ள பிரியம் விற்பவர்மேல் உள்ள விசுவாசமாக மாறக்கூடாது. செய்து முடித்து இருப்பில் உள்ளதை மட்டும் வாங்குங்கள் என்று புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

ஈயப்புகை (கோவை)

திண்ணைவாசி அண்ணன் சொல்வதில் பெரும்பகுதிக்கு உடன்படுகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட முடியாது: இந்தப் பழைய கீபோர்டு இன்று பிழைத்ததற்கு நீலக்கிளிக் தம்பி போன்றவர்களும் காரணம்.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் எம்எக்ஸ் ஸ்விட்சை 1980-களில் கொண்டுவந்தது. இடையில் எல்லா இடத்திலும் ரப்பர் மெம்பரேன் கீபோர்டுதான் என்று ஆனபோது இந்த ஸ்விட்ச் அருகிப்போயிருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியது விளையாட்டுக்காரர்களும் ஆர்வலர்களும்தான். நம் ஊரில் பில் போடும் கவுண்டர்களும் டிடிபி கடைகளும் சத்தமில்லாமல், இல்லை, நல்ல சத்தத்தோடு, அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தன. காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்டரான், கைல், ஔடெமு என்று சீன நிறுவனங்கள் அதே அளவில் செய்யத் தொடங்கின. முக்கியமான விஷயம், இரண்டு உலோகக் கால்களின் இடம் மாறவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய போர்டில் இன்று வாங்கிய ஸ்விட்ச் அப்படியே உட்காரும். கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் கால் உள்ள ஐந்து-கால் ஸ்விட்ச் வந்துவிட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டையும் நகவெட்டியால் நறுக்கிவிடலாம்.

ஒரு நுகர்பொருளுக்கு இப்படி ஒரு பொது அளவு நிலைத்திருப்பது சாதாரண விஷயமா? கைபேசி பேட்டரிக்கு இது உண்டா? மிக்சி ஜாருக்கு உண்டா? பத்து ஸ்விட்சைச் சில்லறையாக வாங்க முடிகிறது என்றால், ஆயிரக்கணக்கில் வாங்கி விளையாடும் ஆட்கள் இருப்பதால்தான். க்யூஎம்கே போன்ற மென்பொருளை ஊதியம் இல்லாமல் எழுதித் திறந்துவைத்தவர்களும் அவர்களே. சிப் முழுதாகச் செத்துப்போன போர்டில்கூட ஒரு சின்ன கன்ட்ரோலரை வைத்து, அந்த நெடுக்கு-குறுக்குத் தடங்களை அதற்கு இழுத்து, மறுபடி ஓடவிட முடியும்.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். இவ்வளவு உதிரிபாகமும் இவ்வளவு அறிவும் நம்மிடம் குவிந்திருக்கிறது. ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைய ஒரே வாசல் வாங்குவதுதான் என்று நாமே ஆக்கிவைத்திருக்கிறோம். புதிதாக வருகிறவரிடம் "என்ன வைத்திருக்கிறீர்கள், அதில் என்ன குறை" என்று நாம் கேட்பதே இல்லை. பட்ஜெட் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம்.

நீலக்கிளிக் (சென்னை)

அக்கா சொன்ன கடைசி வரி எனக்கானது. ஏற்றுக்கொள்கிறேன்.

பழுப்புப்பெட்டி (சிங்கப்பூர்)

ஐபிஎம் மாடல் எம் வைத்திருக்கிறேன். 1985-ல் வந்த வடிவம். விசைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், அது வளைந்து மடியும் நொடியில்தான் அந்த டக் ஒலி. மிகவும் உறுதியான பொருள், ஆனால் உள்ளே ஒரு பலவீனம் உண்டு. மேல்தட்டையும் இரும்புத் தகட்டையும் சேர்த்துப் பிடிப்பவை பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயதாகும்போது அவை ஒவ்வொன்றாக உடையும், விசைகள் தளரும். தொழிற்சாலை இதைத் திறப்பதற்காகச் செய்யவில்லை. ஆர்வலர்கள்தான் ரிவெட்டுகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, துளை போட்டுச் சின்ன போல்ட்டு-நட்டு போடும் வழியைக் கண்டுபிடித்து எழுதிவைத்தார்கள். என்னுடையதும் அப்படித்தான் ஓடுகிறது. போல்ட்டுகளை இங்கே சிம் லிம் டவரில் வாங்கினேன்.

ஐபிஎம்மின் கென்டக்கி ஆலை 1991-ல் லெக்ஸ்மார்க் கைக்குப் போனது. 1996-ல் அந்தத் தொழிலை யூனிகாம்ப் என்ற சின்ன நிறுவனம் எடுத்தது. அவர்கள் இன்றுவரை அதே வகையைச் செய்கிறார்கள். புது வண்ணங்களைத் தேடி ஓடுகிறவர்கள் ஒருமுறையாவது இந்தப் பழுப்புப் பெட்டியில் தட்டிப் பார்க்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல் (திருச்சி)

என் அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். மெக்கானிக் மாமா வாரம் தவறாமல் வருவார். ரிப்பனைக் கழற்றி, எழுத்துத் தண்டுகளைப் பெட்ரோல் தொட்ட பிரஷால் தேய்த்து, கேரேஜ் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டுப் போவார். மாணவர்கள் தினமும் அடித்து நொறுக்கும் மெஷின்கள் அவர் கையால்தான் ஓடின. ஒரு மெஷின் பழுதானால் புதிது வாங்குவது என்ற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை, அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். இன்று கீபோர்டுக்கு அப்படி ஒருவர் ஊருக்கு ஒருவர் வேண்டும். இந்தக் குழுவில் உள்ளவர்களால் அது முடியும்.

திண்ணைவாசி (மதுரை)

சட்டமும் கொஞ்சம் துணை செய்ய வேண்டும். பிரான்சில் 2021-ல் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி போன்றவற்றை விற்கும்போது எவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணைக் காட்டியாக வேண்டும் என்று விதி வந்தது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். நல்ல தொடக்கம்தான். ஆனால் சர்க்யூட் படமும் உதிரிபாகமும் கடைக்காரர் கைக்கு வராதவரை, அச்சுவெல்லம் சாருக்குக் கிடைத்த அதே "யாரும் ரிப்பேர் பண்றதில்ல" பதில்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

நீலக்கிளிக் (சென்னை)

ஒரு யோசனை. என்னிடம் மாற்றிய ஸ்விட்சுகள் பை பையாகக் கிடக்கின்றன. நீலம், பழுப்பு, சிவப்பு எல்லாம் உண்டு. ஒவ்வொன்றையும் மீட்டரில் சோதித்து, நல்லவற்றைத் தனியாகப் பிரித்து வைக்கிறேன். வேலை பார்க்கும் கீபோர்டு கெட்டு நிற்பவர்கள் எத்தனை வேண்டும் என்று கேளுங்கள், தபால் செலவு மட்டும் போதும். சேர்த்து வைப்பதற்கு இல்லை, ரிப்பேருக்கு மட்டும். ரிச்சி தெருவில் இருந்து ஈயம், சக்கர், கம்பி வாங்கித் தரவும் தயார், வாரத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போகிறேன். அச்சுவெல்லம் சார், உங்கள் ஸ்க்ரோல் லாக்குக்கு ஒரு நீலம் அனுப்பட்டுமா?

அச்சுவெல்லம் (கும்பகோணம்)

ஸ்க்ரோல் லாக் காலியாகவே இருக்கட்டும் தம்பி, அதை வேறு யாருக்காவது கொடுங்கள். உபரியாக இரண்டு நீலம் இருந்தால் கடையில் வைத்துக்கொள்கிறேன். இதே தெருவில் பத்திர எழுத்தர் ஒருவரும் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவரும் இதே கீபோர்டுதான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆனாலும் இனி என்னிடம்தான் வருவார்கள்.

கொங்குக்கிளி (ஈரோடு)

நானும் இருபது பழுப்பு சேர்க்கிறேன்.

வெண்ணிலா (வேலூர்)

இந்த இழையைப் பார்த்துத் தைரியம் வந்து கேட்கிறேன். என்னுடையது ஹாட்ஸ்வாப் போர்டு. ஸ்விட்சைச் சொருகும்போது கால் வளைந்திருந்ததைக் கவனிக்காமல் அழுத்தியதில், பின்பக்கம் சாக்கெட் ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது. செம்புப் பட்டையும் அதோடு வந்துவிட்டது. கல்லூரி ப்ராஜெக்ட் நடுவில் இருக்கிறேன், ஏ விசை இல்லாமல் ஓட்டுகிறேன். போர்டையே மாற்ற வேண்டுமா?

ஈயப்புகை (கோவை)

வேண்டாம் வெண்ணிலா. ஹாட்ஸ்வாப்பில் அடிக்கடி நடப்பது இது. அந்தச் சாக்கெட்டுகளுக்குச் சுமார் 100 முறைதான் ஆயுள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதுவும் நேராகச் சொருகினால்தான். இனிமேல் சொருகும்போது பின்பக்கம் சாக்கெட்டை விரலால் தாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பெயர்ந்தது எந்தப் பக்கத்துக் கால் என்று பாருங்கள். ஸ்விட்சின் ஒரு கால் நேராக நெடுக்குத் தடத்துக்குப் போகும். மற்றது பக்கத்தில் உள்ள சின்ன டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாகக் குறுக்குத் தடத்துக்குப் போகும். பெயர்ந்தது டையோடு பக்கம் என்றால் சாக்கெட்டின் உலோகக் காதிலிருந்து டையோடின் அருகில் உள்ள முனைக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். கோடு போட்ட முனை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், தப்பான முனையில் வைத்தால் டையோடைத் தாண்டிப் போய்விடும். நெடுக்குத் தடம் என்றால் அதே தடத்தில் உள்ள பக்கத்து விசையின் காலுக்குக் கம்பி. சாக்கெட்டை மறுபடி உட்காரவைக்க அடியில் துளி எப்பாக்சி வையுங்கள், ஆனால் துளைக்குள் போகக்கூடாது.

பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், எங்கிருந்து எங்கே கம்பி என்று சிவப்பில் கோடு போட்டுத் தருகிறேன்.